செல்வி சி. பூங்கோதை, பி.எஸ்சி.

மூன்றாவது சுற்றிலும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார், கண்ணும் காதும் அந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூக்காரியிடம் அல்லவா இருக்கின்றன. பூங்கோதை தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இன்னும் கொஞ்சம் உள்வாங்கி உட்கார்ந்தாள். சிமெண்டுப் பெஞ்சில் மார்கழிப் பனி இன்னும் காயவில்லை. சில்லிப்பு புடவையைத் தாண்டி இறங்கி, ஏற்கெனவே தேய்ந்துபோன முழங்கால் மூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அவள் தினமும் உட்காரும் பெஞ்சு இதில்லை. அது வாசலுக்கு நேரே, புங்கமரத்தடியில் இருக்கிறது, ஒரு கால் சற்றே பூமிக்குள் இறங்கி, முதுகுச் சாய்வில் 'அமரர் கே. வேலாயுதம் செட்டியார் நினைவாக' என்று நீல எழுத்தில். அங்கிருந்து பார்த்தால் நடைபாதையின் கிழக்கு வளைவு செம்பருத்திப் புதருக்குப் பின்னால் போய்விடும். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம், அதில் இரண்டு நிமிஷம் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டுச் சுற்று, எட்டிரண்டு பதினாறு நிமிஷம். இரண்டு மாசத்துக்கு எவ்வளவு என்று கணக்கு வாத்தியாரின் பெண்டாட்டியாகப் பெருக்கிப் பார்த்து, விடை பிடிக்காமல், இன்றைக்கு அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பைய நடந்து பூங்காவின் இந்தக் கோடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பார்த்தாயிற்று. வளைவில் என்ன நடக்கிறது என்று மூன்று தடவை பார்த்தாயிற்று. அந்தச் சுகிர்தம் விரலை நீட்டி எதையோ காட்டுகிறாள், அவர் நிற்கிறார், யோசிக்கிறார், எதையோ சொல்கிறார், அவள் தலையாட்டுகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். காட்டியது ஒரு குடிநீர்க் குழாய். குழாயைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? அடுத்தது ஊஞ்சல். ஊஞ்சலிலும் யாரும் இல்லை, வெறும் ஊஞ்சல், அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி, ஐம்பத்தாறு வயசு மனுஷனுக்கு.

யாரிடம் போய்ச் சொல்வது, தானாகத் தேடிக்கொண்ட வினை. 'அவரைத் தனியா நடக்க விடாதீங்க, பேச்சுத் துணை வேணும், பேசிக்கிட்டே நடந்தா இன்னும் நல்லது' என்று அந்த டாக்டர் போன தடவை சொன்னதும், முழங்காலை நம்பி ஒரு சுற்றுகூட வரமுடியாத இவள்தானே பூங்கா முழுக்கப் பார்வையை ஓட்டி, ஒற்றையாய் நடந்துகொண்டிருந்த அந்த அம்மாளை நிறுத்தி, 'நீங்க தப்பா நினைக்கலேன்னா எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் கூட்டிக்கிட்டு நடங்களேன்' என்றது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவளாம், புருஷன் போய்ப் பத்து வருஷமாம், குரலைக் கேட்டதுமே நல்லவள் என்று தோன்றியது. குரலில்தான் எல்லாம் இருந்தது என்று அப்போது தெரியவில்லை. டாக்டர் மறதி நோய் என்று சொல்லவில்லை. லேசான சறுக்கல் என்றார். மாமனாருக்கு அது இருந்ததாலும், ரத்த அழுத்தம் ரொம்ப நாளாக ஏறியே இருந்ததாலும், காது மந்தமானதாலும் வர வாய்ப்பு இருக்கிறது, வந்தே தீரும் என்று இல்லை, தள்ளிப்போட முடியலாம், முயற்சி பண்ணலாம் என்றார். 'லாம், லாம்' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை சமையலறையையே மாற்றினாள். ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினாள், அப்பளம் இல்லை, உப்பு பாதி, வாரத்தில் நான்கு நாள் கீரை, இரண்டு நாள் மத்தி மீன், பத்து மணிக்கு விளக்கு அணைய வேண்டும். அவர் எதையும் பாராட்டவில்லை. தட்டைப் பார்த்து, 'இந்தா, இது ஆஸ்பத்திரியா வீடா?' என்றார். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று எட்டு மாசம் கெஞ்சினாள். சரியாகக் கேட்காவிட்டால் மூளை சோம்பிப் போகுமாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள், அழுதாள்கூட. 'கிழவனாக்கிப் பாக்கணுமா உனக்கு' என்றார். சுகிர்தம் ஒருநாள், 'நானெல்லாம் முப்பது வருஷம் காதுல மிஷினோடதான் சார் சோறு தின்னேன்' என்றாளாம், மறுவாரம் காதில் ஏறிவிட்டது. 'சுகிர்தம் சொன்னாங்க, உப்பைக் குறைக்கணும்னு' என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வந்து இவளிடமே சொன்னார் பாருங்கள், உப்பில்லாத சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது.

சுகிர்தம். அதுதான். உப்புகூட இல்லை, மிஷின்கூட இல்லை, அந்தப் பெயர். எவ்வளவு சுலபமாக வருகிறது அவர் வாயில், நடுவில் அந்த 'ர்' லேசாக உருண்டு, கடைசி 'ம்' உதட்டில் ஒட்டி நின்று. 'சுகிர்தம், மெதுவா.' 'சுகிர்தம், நேத்து சொன்னீங்களே.' இருபத்தைந்து வருஷத்தில் 'பூங்கோதை' என்று ஒரு தடவை சொல்லியிருப்பாரா? இதற்கு முன்னால் அவள் இதை யோசித்ததே இல்லை. கல்யாணமான புதிதில் 'இந்தா'. மாமியார் எதிரில் இருந்தால் வெறும் கனைப்பு. கயல் பிறந்தபிறகு 'கயலம்மா'. அவர் கணக்கு வாத்தியார் வேலைக்குப் போட்ஸ்வானாவுக்குக் கூட்டிப்போய்ப் பத்தொன்பது வருஷம் கபரோனில் இருந்தார்களே, வெளிநாடாயிற்றே, அங்கேயாவது பெயர் வந்ததா என்றால், அந்த ஊர் வழக்கமும் அதேதான். பக்கத்து வீட்டு போய்ட்டுமெலோ முதல்நாளே சிரித்துக்கொண்டு 'ம்மாகயல்' என்று கூப்பிட்டாள், பெற்றவளைப் பிள்ளை பெயரால்தான் கூப்பிடுவார்களாம். பூமியின் அந்தக் கோடிக்குப் போயும் கயலம்மாவேதான். அப்போது அது தித்தித்தது. இவளும் அவர் பெயரைச் சொன்னதில்லை, பாரத்தில் எழுதியதோடு சரி. ரயிலில் யாராவது கேட்டால் கயலைச் சொல்லச் சொல்வாள். அது கூச்சமும் இல்லை, பயமும் இல்லை, நாக்கு அந்த வழியில் போய்ப் பழகவில்லை. அவர் இவள் பெயரை எழுதியது ஒரே ஒரு முறை. கல்யாணப் பத்திரிகை மாதிரியை அச்சாபீஸ்காரன் கொண்டுவந்து காட்டியபோது 'செல்வி சி. பூங்கோத, பி.எஸ்சி.' என்று இருந்ததாம், மாப்பிள்ளையே சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்தாராம். கல்யாணமாகி மூன்றாம் நாள் அதைச் சொன்னார். 'மார்க் குறைச்சிருப்பேன், போனாப் போகுதுன்னு விட்டேன்.' அன்றைக்கும் 'இந்தா'தான், 'இந்தா, மார்க் குறைச்சிருப்பேன்.'

எல்லாம் அந்த ஆஸ்பத்திரி அறையில் கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியுமோ சொல்லுங்கள் என்று ஒரு சின்னப் பெண் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் ஆடு, மாடு, யானை என்று போய், பிறகு திணறி, 'கோமோ' என்றார். அது கபரோனில் மாட்டுக்குப் பெயர். அந்தப் பெண் விழித்தாள், எழுதிக்கொள்ளவில்லை. 'ரெண்டு பாஷையில சொன்னா ரெண்டு மார்க் கிடையாதா?' என்று அவர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு டாக்டர், 'இவங்க யாரு சார்?' என்று இவளைக் காட்டினார். 'எங்க வீட்டம்மா.' 'அவங்க பேரு?' அவர் இவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வெட்கப்படுகிற மாப்பிள்ளைபோலச் சிரித்து, 'அதை அவங்ககிட்டயே கேளுங்க' என்றார். டாக்டரும் சிரித்தார், ஒரு டிக் போட்டார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இவளும்தான் சிரித்தாள். ஆட்டோவில் திரும்பும்போது, மெயின்கார்டுகேட் நெரிசலில் நின்றிருந்தபோதுதான் அந்தச் சிரிப்பை மறுபடி எண்ணிப் பார்த்தாள். அது வெட்கமா, இல்லை அங்கே ஒன்றுமே இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற வீட்டில் புருஷன் பெயரைச் சொல்லி அழைக்கிறான், ஒருநாள் தடுமாறினால் தெரிந்துவிடும். ஒருநாளும் சொல்லாத பெயர் தொலைந்தால் யாருக்குத் தெரியும்? பூட்டிய அறையில் சாமான் இருக்கிறதா போய்விட்டதா என்று வெளியே இருந்து எப்படிச் சொல்வது? இந்தா என்று கூப்பிட நினைவு வேண்டாமே. கயலம்மா என்று கூப்பிடக் கயல் போதுமே.

நாலாவது சுற்று ஆரம்பம். சிரிப்புக் குழுவில் பத்துக் கிழவர்கள் கையைத் தூக்கி ஹாஹா என்று சிரிக்கிறார்கள். அதுவும் மூளைக்கு நல்லதோ என்னவோ. தொட்டியிலிருந்து பாசியும் குளோரினும் கலந்த வாசனை. அவர்கள் வாசல் பக்கம் நெருங்குகிறார்கள். இதோ புங்கமரம், இதோ அந்தப் பெஞ்சு. இதைத்தான் அவள் மூன்று சுற்றாகக் கவனித்து வருகிறாள், இதுதான் எல்லாவற்றையும்விட எரிகிறது. அந்த இடம் வந்ததும் அவர் நடை தளர்கிறது. காலிப் பெஞ்சைப் பார்க்கிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார், சுகிர்தத்திடம் ஏதோ சொல்கிறார், அவள் அவர் முழங்கையைத் தொட்டு நகர்த்திக்கொண்டு போகிறாள். முழங்கையை. நான் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதானே? காவல்காரி இன்றைக்கு லீவு என்று சொல்லியிருப்பார். பூங்கோதைக்கு ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அது நோயாகவே இருந்துவிட்டால் என்ன? நோய் என்றால் அவர் மேல் தப்பில்லை, இவள் மேலும் தப்பில்லை, இவளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்று ஆகும். சீ, என்ன மனசு இது, மத்தி மீனைச் சுத்தம் பண்ணிய கையாலா இப்படி நினைப்பது? அப்படியானால் மற்றதா, புத்தி முழுசாக இருந்து, அந்தப் புத்தி முழுக்க வெள்ளை ஷூ இருந்தால் சரியா? சரி, அதுவே இருக்கட்டும், எவளோடு சிரித்தாலும் பரவாயில்லை, தன் வீட்டுக்குள்ளேயே தன் வீட்டைத் தேடி அலைந்தாரே மாமனார், அப்படி மட்டும் ஆகவேண்டாம். இல்லை, பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது, பரவாயில்லை இல்லை, முழங்கையைத் தொடுகிறாள். தராசின் இந்தத் தட்டிலும் கை வைக்க முடியவில்லை, அந்தத் தட்டிலும் வைக்க முடியவில்லை. பூங்கோதை எழுந்துவிட்டாள். மூட்டு நொறுக்கென்றது. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு புல்லைத் தாண்டி நடைபாதையின் நடுவில் போய் நின்றாள், வழி மறிக்கிறவள்போல.

'அட, இங்கயா இருக்க?' என்றார் அவர். முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். 'தண்ணி குடிங்க' என்று நீட்டினாள். குடித்தார். 'இப்ப என் பேரைச் சொல்லுங்க.' சுகிர்தம் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். 'ஏன், உனக்கு மறந்துபோச்சா?' 'ஆமா. மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க.' 'காலங்காத்தால என்ன விளையாட்டு இது, வர்றவங்க போறவங்க பாக்குறாங்க பாரு.' 'ஒரு வார்த்தைதானே. சுகிர்தம்னு எத்தனை தடவை வருது.' சொல்லியிருக்கக் கூடாது, சொல்லியாயிற்று. அவர் சிரிக்கப் பார்த்தார், அந்த மாப்பிள்ளைச் சிரிப்பை, அது பாதியில் நின்றது. கை காதுக்குப் போய் மிஷினைத் தொட்டது, கேள்வி சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல. கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, புல்வெளிக்கு அப்பால், வாசல் பக்கம் போய், புங்கமரத்தடியில் நின்று, எதையோ தடவித் தேடுவதுபோல அலைந்தது. எதிரில் நிற்கிறேனே, ஒரு முழத் தூரத்தில் நிற்கிறேனே, அங்கே என்ன தேடுகிறீர்கள்? 'இந்தா' என்றார் கடைசியில், குரல் கரகரத்து, 'வெயில் ஏறுது. நான் போய் மூஞ்சி கழுவிட்டு வரேன்.' குழாய்ப் பக்கம் நடந்தார், முதுகு கொஞ்சம் குனிந்து, வகுப்பில் விடை தெரியாமல் வெளியே அனுப்பப்பட்டவர்போல.

சுகிர்தம் நகரவில்லை. 'கயலம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு, அதான்' என்றாள். பக்கத்தில் பார்த்தால் வயசான முகம், கழுத்தில் பவுடர் திட்டு. 'எக்ஸ்சேஞ்சுல அப்பல்லாம் நம்பரு பூரா எங்க மண்டையிலதான். ஒவ்வொண்ணையும் ஒரு எடத்துல வச்சுக்குவோம், இது தேர்முட்டி, இது ஆஸ்பத்திரி வாசல்னு. மனசுக்குள்ள அந்தத் தெருவுல நடந்தா நம்பரு தானா வரும். சாருக்கும் அதச் சொல்லிக் குடுத்தேன். இப்ப குழாய்ல அவரு தம்பி பேரு. ஊஞ்சல்ல கயலு. செம்பருத்தியில அவரு ஹெட்மாஸ்டரு. சுத்தி வரவர சொல்லிக்கிட்டே வருவாரு, சொல்லிட்டா ஒரு சிரிப்பு.' பூங்கோதை ஒரு எட்டு முன்னால் வந்தாள். 'என் பேரு?' 'உங்களத அவரேதான் வச்சாரு. அந்தப் பெஞ்சுல. நீங்க அங்கதானே உக்காந்திருப்பீங்க, அது மட்டும் தப்பவே தப்பாதுன்னாரு. இன்னைக்கு மொத ரவுண்டுலயே, சுகிர்தம், பெஞ்சு காலியா இருக்கேன்னாரு. வந்துருவாங்க சார்னேன். அப்புறம் ஒவ்வொரு ரவுண்டும் அங்க வந்து நின்னு நின்னு...' பூங்கோதை குறுக்கிட்டாள். 'நீங்க எடுத்துக் குடுக்கிறதுதானே?' 'எல்லாப் பேருக்கும் மொத எழுத்தை எடுத்துக் குடுப்பேன். இதுக்கு மட்டும் கூடாதுன்னுட்டாரு. எம் பொண்டாட்டி பேரை நீங்க எடுத்துக் குடுத்து நான் சொன்னா அது அசிங்கம் சுகிர்தம்னாரு.'

குழாயடியில் அவர் முகத்தைக் கழுவவில்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார், உதடு அசைந்தது, தம்பி பெயராக இருக்கும். தான் இடம் மாறி உட்கார்ந்து தன்னையே எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள் பூங்கோதை, இரண்டு நிமிஷத்தை வேவு பார்க்கப் போய். நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, அதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி: நீங்க உக்காருங்க, இனிமே நான் கூட நடக்கிறேன், மூட்டு போனாப் போகுது. முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன், குழாயையும் ஊஞ்சலையும் நான் காட்டுகிறேன், அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். ஆனால் நான் கூட நடந்தால் பெஞ்சில் யார் இருப்பது? அவர் பக்கத்தில் இருந்தால் அவருக்குள் இல்லை, அவருக்குள் இருக்க வேண்டுமானால் தூரத்தில், செட்டியார் பெயருக்கு முதுகைக் கொடுத்து, இன்னொருத்தி அவரை அழைத்துவருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது என்ன நியாயம்? யாரிடம் கேட்பது? சுகிர்தத்தை இப்போதாவது பிடிக்கும் என்று பார்த்தாள், பிடிக்கவில்லை. நல்லவள் என்று தெரிந்தபிறகு இன்னும் பிடிக்கவில்லை. 'இன்னும் நாலு ரவுண்டு பாக்கி இருக்கு' என்றாள் அவளிடம். 'கூட்டிக்கிட்டு வாங்க. மெதுவா வாங்க.' அந்த 'மெதுவா' எதற்கு என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. முழங்கால் இந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும்.

புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் காக்கை எச்சம், முந்தானையால் துடைத்தாள், வழக்கமான இடத்தில், இறங்கிய காலுக்கு மேலே, வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டிலை எந்தப் பக்கம் வைப்பேன், வலது பக்கம்தான். கையை எப்படி வைத்திருப்பேன்? யாராவது பார்த்துப் படம் வரைந்தால் நேற்றுப்போலவே இருக்கவேண்டும். செம்பருத்திப் புதர் மறைத்தது, இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று இப்போது தெரியும், தெரிந்தும் எண்ணினாள். பிறகு வந்தார்கள். வெள்ளை ஷூ ஒரு எட்டுப் பின்னால், அவர் முன்னால். அவர் கண் முதலில் மரத்துக்குப் போனது. மரத்திலிருந்து இறங்கி, மண்ணுக்குள் புதைந்த பெஞ்சின் காலுக்கு வந்தது, அங்கே நன்றாகத் தங்கியது, பிறகு நீல எழுத்துக்கு ஏறியது, 'நினைவாக' என்கிற இடத்தில் ஒரு கணம், அப்புறம்தான், கடைசியாகத்தான், இவள் முகத்துக்கு. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளைவிட இந்தச் சிமெண்டுக் கட்டைதான் முதலில் தெரிகிறது அவருக்கு. பூங்கோதைக்கு அந்தப் பெஞ்சின்மேல் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது, சுகிர்தத்தின்மேல்கூட இவ்வளவு வந்ததில்லை. அவர் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். வருகைப்பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரைப்போல, பூங்காவே கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்து வைத்தார்.

'செல்வி. சி. பூங்கோதை. பி.எஸ்சி.'

சிரிப்புக் குழு ஒரு நொடி சிரிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. அந்த 'தை'யை அவர் அழுத்திச் சொன்னார், சிவப்பு மையால் வட்டம் போட்டதுபோல. பூங்கோதை பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், எழுந்துவிடாமல் இருக்க.

'உள்ளேன் ஐயா' என்றாள்.